சணப்பு, சணல், கஞ்சா: பெயரில் மயங்க வேண்டாம்

சென்ற தை மாதம் உழவர் பயிற்சி முகாம் ஒன்று முடிந்து புறப்படும் நேரத்தில், ஓர் உழவர் தனியாக என்னிடம் வந்தார். அவருக்கு இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம். மடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் "ஹெம்ப்: போதையற்ற தொழிற்பயிர், அரசு அனுமதித்தது, விதையும் நாங்களே தருவோம், விளைச்சலையும் நாங்களே வாங்குவோம்" என்று அச்சிட்டிருந்தது. விதைக்கு முன்பணம் கட்ட அடுத்த வாரம் கடைசி நாளாம்.

"ஐயா, இது நம்ம சணப்புதானே? புத்தகத்துல சணப்புக்கு 'சன்ஹெம்ப்'னு போட்டிருக்கு. சணப்பு வெதைச்சு எனக்குப் பழக்கம் உண்டு. அதான் கட்டிடலாமான்னு பாக்குறேன்" என்றார்.

அது சணப்பு அன்று, கஞ்சாச் செடி. இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அவர் மேல் குற்றமில்லை. பெயர்தான் குழப்பியது. இதே குழப்பம் மற்றவர்களுக்கும் வரலாம் என்பதால், கஞ்சாச் செடி தாவர இயலில் எங்கே நிற்கிறது, அதன் பயன்கள் என்ன, சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்பவற்றை உழவர் பெருமக்களுக்கு விளக்கமாகக் கூறுவது நல்லது என்று கருதுகிறேன்.

ஒரு பெயர், பல செடிகள்

ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' என்பது முதலில் கஞ்சாச் செடியின் நாரையே குறித்தது. கப்பல் கயிறும் பாய்த்துணியும் அந்த நாரால் ஆனவை. பின்னர் வணிகர்கள் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த வலுவான நார்களுக்கெல்லாம் முன்னால் ஓர் அடைமொழி சேர்த்து 'ஹெம்ப்' என்றே பெயரிட்டனர். ஆகவே அது சந்தைப் பெயர். தாவர உறவைக் காட்டும் பெயர் அன்று. கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

சன்ஹெம்ப் என்பது நம் சணப்பு. இதன் தாவரப் பெயர் குரோட்டலேரியா ஜன்சியா. இது பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. உளுந்துக்கும் துவரைக்கும் உறவு.

டெக்கான் ஹெம்ப் என்பது புளிச்சை. ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ் என்பது தாவரப் பெயர். வெண்டை, பருத்தி, செம்பருத்தி ஆகியவற்றின் குடும்பம். 'கன்னாபினஸ்' என்றால் கஞ்சாவைப் போன்றது என்று பொருள். இலையின் தோற்றத்தால் வந்த பெயரே தவிர, உறவு ஒன்றும் இல்லை.

மணிலா ஹெம்ப் என்பது பிலிப்பைன்ஸ் நாட்டில் விளையும் ஒரு வகை வாழை. மியூசா டெக்ஸ்டிலிஸ் என்று பெயர்.

சாக்கு நெய்யப் பயன்படும் சணல் இவற்றிலிருந்து வேறு. அது கார்கோரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. மேற்கு வங்காளத்திலும் வங்காள தேசத்திலும் பெருமளவில் விளைகிறது.

தமிழிலும் இத்தகைய மயக்கம் உண்டு. கஞ்சாங்கோரை என்று நம் ஊர்களில் சொல்வது நாய்த்துளசியை. பெயரில் கஞ்சா இருந்தாலும் அது துளசிக் குடும்பத்துச் செடி. ஆக, பெயரைக் கொண்டு செடியை முடிவு செய்யக் கூடாது. செடியைக் கொண்டே பெயரை முடிவு செய்ய வேண்டும். இதற்காகத்தான் தாவர வகைப்பாடு ஏற்பட்டது.

வகைப்பாட்டில் கஞ்சாவின் இடம்

கஞ்சாச் செடியின் தாவரப் பெயர் கன்னாபிஸ் சட்டைவா. 1753-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் இப்பெயரை இட்டார். 'சட்டைவா' என்றால் பயிரிடப்படுவது என்று பொருள். நெல்லின் தாவரப் பெயரும் ஒரைசா சட்டைவாதான்.

பழைய நூல்களில் இச்செடியை மல்பெரிக் குடும்பத்திலோ செந்தட்டிக் குடும்பத்திலோ சேர்த்திருப்பார்கள். பின்னர் இதற்கெனக் கன்னாபேசி என்ற தனிக் குடும்பம் வகுக்கப்பட்டது. பீர் மதுவுக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் கொடி இதன் மிக நெருங்கிய உறவு. இக்குடும்பம் ரோசேல்ஸ் என்ற வரிசையில் அடங்கும். ஆல், அரசு, பலா, மல்பெரி, இலந்தை, ரோஜா ஆகியவையும் அதே வரிசையில் உள்ளவை. சணப்பு இந்த வரிசையிலேயே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இச்செடியின் தாயகம் ஆசியக் கண்டம். நடு ஆசியாவே பிறப்பிடம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2021-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன்பே கிழக்காசியப் பகுதியில் மனிதன் இதைப் பயிராக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்று காட்டுகிறது. ஆக, இது மனிதன் மிகப் பழங்காலத்தில் பயிரிட்ட செடிகளுள் ஒன்று.

செடியை அடையாளம் காணுதல்

கஞ்சா ஒரு பருவச் செடி. ஆணிவேர் உடையது. தண்டு நிமிர்ந்து வளரும். தண்டில் நீளவாட்டில் வரிப்பள்ளங்கள் காணப்படும். இலை கைவிரல்களை விரித்தாற்போன்ற கூட்டிலை. ஓர் இலையில் பெரும்பாலும் 5 முதல் 9 சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையும் நீண்டு, நுனி கூர்மையாகி, ஓரம் ரம்பப் பல்லைப் போல் இருக்கும். அடியில் உள்ள இலைகள் எதிரெதிராகவும், மேலே உள்ளவை மாறி மாறியும் அமைந்திருக்கும்.

மரவள்ளி, புளிச்சை இலைகளும் விரல் போல் பிரிந்திருக்கும். ஆனால் அவை ஒரே இலை ஆழமாக வெட்டுண்டவை. தனித்தனிச் சிற்றிலைகள் அல்ல. மரவள்ளி இலையைக் கிள்ளினால் பால் வரும். புளிச்சைத் தண்டில் சிறு முட்கள் இருக்கும். பூ வெண்டைப் பூவைப் போலப் பெரியதாய், நடுவில் கருஞ்சிவப்பாய் இருக்கும். நொச்சிக்குக் கூட்டிலை உண்டு. ஆனால் அது பல ஆண்டு வளரும் புதர், இலையின் அடிப்புறம் வெளுத்திருக்கும்.

சணப்பை இவை எதனோடும் குழப்பிக் கொள்ள வழியில்லை. அதன் இலை தனி இலை, நீண்டு குறுகியது. பூ மஞ்சள் நிறத்தில் பயற்றம் பூவின் வடிவில் இருக்கும். முற்றிய காயை ஆட்டினால் கிலுகிலுப்பை போல் ஒலிக்கும். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சுகள் தெரியும்.

கஞ்சாவில், பனையிலும் பப்பாளியிலும் போல, ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரு வகைப் பூவும் ஒரே செடியில் வரும் இரகங்களும் உண்டு. ஆண் செடி முதலில் பூத்து, மகரந்தத்தை உதிர்த்து, விரைவில் காய்ந்து விடும். மகரந்தம் காற்றினால் நெடுந்தொலைவு பரவும். பெண் பூக்களைச் சூழ்ந்துள்ள சிறு இலைகளில் பிசின் சுரக்கும் நுண்மயிர்கள் மிகுதி. போதை தரும் பொருள் பெரும்பாலும் இந்தப் பிசினில்தான் உள்ளது. விதை என்று நாம் சொல்வது உண்மையில் ஒற்றை விதை கொண்ட சிறிய உலர்கனி. அதில் இப்பொருள் இயல்பாக உண்டாவதில்லை. மேலே ஒட்டிய பிசின் துகளே இருக்கும்.

ஒரு சிற்றினமா, மூன்றா?

லின்னேயஸ் பார்த்தது ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த உயரமான செடியை. 1785-இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் இந்தியாவிலிருந்து வந்த செடிகளைப் பார்த்தார். அவை குட்டையாக, கிளைத்து, தண்டு கடினமாக, நாருக்கு உதவாமல், ஆனால் போதை மிகுந்து இருந்தன. ஆகவே அவர் அதைக் கன்னாபிஸ் இண்டிகா என்று தனிச் சிற்றினமாக்கினார். 1924-இல் ரஷ்யாவில் யானிஷெவ்ஸ்கி என்பவர், தானே முளைத்து வளரும் சிறிய செடிகளுக்குக் கன்னாபிஸ் ருடராலிஸ் என்று பெயரிட்டார்.

மூன்று பெயர் இருந்தும், இவை ஒன்றோடொன்று எளிதில் கலந்து, முளைப்புத் திறனுள்ள விதை தருகின்றன. எனவே இவை அனைத்தும் ஒரே சிற்றினம் என்பதே இன்று பெரும்பாலான தாவர அறிஞர்களின் கருத்து.

1976-இல் கனடா நாட்டு எர்னஸ்ட் ஸ்மால், அமெரிக்க நாட்டு ஆர்தர் கிராங்குவிஸ்ட் ஆகிய இருவரும் ஒரு பகுப்பை வெளியிட்டனர். ஒரே சிற்றினம், அதில் இரண்டு துணைச் சிற்றினங்கள் என்றனர். போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி., உலர்ந்த பூப்பகுதியில் 0.3 சதவீதத்திற்குக் கீழே இருந்தால் நார் வகை. மேலே இருந்தால் போதை வகை. பல நாடுகளின் சட்டத்தில் இன்று காணப்படும் 0.3 என்ற எண் இங்கிருந்து வந்ததுதான். இது வசதிக்காக வரைந்த கோடு என்பதை ஸ்மால் அவர்களே கூறியிருக்கிறார். இயற்கை வரைந்த கோடு அன்று.

இதை விளங்கிக் கொள்ள மரவள்ளியை நினைத்துப் பாருங்கள். இனிப்பு மரவள்ளி, கசப்பு மரவள்ளி இரண்டும் ஒரே சிற்றினம். ஒன்றில் நச்சுப் பொருள் குறைவு, மற்றொன்றில் மிகுதி. இலையைப் பார்த்து மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதைப் போலவே 'தொழில் ஹெம்ப்' என்பதும் கஞ்சா என்பதும் ஒரே செடியின் இரகங்கள். வேறுபாடு வேதிப் பொருளின் அளவில் உள்ளது. அதை ஆய்வகத்தில்தான் அளந்தறிய முடியும். வயல் வரப்பில் நின்று கண்ணால் காண முடியாது.

செடியின் பயன்கள்

போதை என்ற ஒன்றை மட்டும் சொல்லி இச்செடியை ஒதுக்கி விடுவது அறிவியல் ஆகாது. இதற்கு நல்ல பயன்கள் பல உண்டு.

நார்: தண்டின் புறப்பட்டையில் நீண்ட வலுவான நார் உள்ளது. தண்டை நீரில் ஊற வைத்தோ, பனியில் கிடத்தியோ பதப்படுத்தி நாரைப் பிரிப்பார்கள். கயிறு, கித்தான், துணி, உயர்ந்த வகைக் காகிதம் இதிலிருந்து செய்யப்படுகின்றன. உத்தராகண்ட் மலைப்பகுதி மக்கள் இந்நாரால் கயிறும் முரட்டுத் துணியும் செய்து வந்திருக்கிறார்கள்.

தக்கை: நார் எடுத்த பின் எஞ்சும் உள்தண்டு, கால்நடைக்குப் படுக்கையாகவும், சுண்ணாம்புடன் கலந்து சுவர் கட்டும் பொருளாகவும் பயன்படுகிறது. எல்லோராக் குகைகளின் மண் பூச்சில் இச்செடியின் துணுக்குகள் கலந்திருப்பதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. பூச்சிகளால் அரிபடாமல் அப்பூச்சு நூற்றாண்டுகள் நின்றதற்கு இது ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

விதை: விதையில் ஏறத்தாழ 30 சதவீதம் எண்ணெயும், 25 சதவீதம் புரதமும் உள்ளன. குமாவுன், கட்வால் பகுதிகளில் விதையை வறுத்துத் துவையல் அரைப்பது வழக்கம். 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இவ்விதையையும் அதன் எண்ணெயையும் மாவையும், டி.எச்.சி. அளவுக்கு வரம்பு வைத்து, உணவாக விற்க வழி செய்தது.

மருந்து: 1839-இல் கல்கத்தாவில் ஓஷாக்னசி என்ற மருத்துவர், வலிப்பு, இசிவு முதலிய நோய்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த செய்தியை வெளியிட்டார். அதன் மூலமே மேனாட்டு மருத்துவம் இதை அறிந்தது. 1964-இல் இஸ்ரேலில் மெக்கூலம், காவோனி ஆகியோர் டி.எச்.சி.யைத் தூய்மையாகப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டனர். போதை தராத மற்றொரு பொருளான சி.பி.டி.யைக் கொண்ட மருந்து ஒன்றைக் குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய்க்காக 2018-இல் அமெரிக்கா ஏற்றது. நம் சித்த, ஆயுர்வேத முறைகளிலும் இதற்கு இடம் உண்டு. ஆயினும் மருந்து விதிகளின் ஈ(1) அட்டவணையில் இது நச்சு மூலிகைகளுடன் சேர்க்கப்பட்டுள்ளது. உரிமம் பெற்ற மருந்து தயாரிப்பாளர் செய்து, மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டியது அது. வீட்டு வைத்தியத்திற்கு உரியது அன்று.

இத்தனை பயனையும் கடந்து, போதைக்காகப் புகைப்பதால் வரும் கேட்டையும் சொல்ல வேண்டும். நினைவாற்றலும் கவனமும் குறைகின்றன. இளம் வயதில் தொடங்கி மிகுதியாகப் பயன்படுத்துவோருக்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. பிள்ளைகள் படிக்கும் வயதில் உள்ள வீடுகளில் இதை மறக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் நாடு முழுவதற்கும் உரியது. இச்சட்டத்தில் தாவர வகைப்பாடு உழவர் வாழ்க்கையை நேரடியாகத் தொடுகிறது. 'கன்னாபிஸ் செடி' என்பதற்கு இச்சட்டம் தரும் பொருள், கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் என்பதாகும். சிற்றினம் எது, இரகம் எது, டி.எச்.சி. எவ்வளவு என்ற பேச்சே அங்கு இல்லை. எனவே "இது சட்டைவா, இண்டிகா இல்லை", "இது நார் இரகம், போதை இல்லை" என்று யார் சொன்னாலும், உரிமம் இல்லாமல் விதைத்தால் அது சட்டவிரோதச் சாகுபடியே.

பூத்த அல்லது காய்த்த தலைப்பகுதியைத்தான் இச்சட்டம் கஞ்சா என்கிறது. அதனோடு சேராத விதையும் இலையும் அதில் அடங்கா. வட மாநிலங்கள் சிலவற்றில் பாங்கு விற்பது இதனால்தான். ஆனால் தமிழ்நாட்டின் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இலையையும் போதைப் பொருளாகவே கொள்கிறது. வடக்கே கண்டதை வைத்து இங்கே முடிவு செய்தல் தவறு.

விதையை உணவாக விற்கலாம் என்பதால் விதைக்கலாம் என்று ஆகாது. தின்பதற்கு ஒரு சட்டம், மண்ணில் ஊன்றுவதற்கு வேறொரு சட்டம்.

உரிமமின்றிச் சாகுபடி செய்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சாகுபடிக் குற்றத்தில் இத்தனை செடி வரை பரவாயில்லை என்ற கணக்குக் கிடையாது.

மேலும் ஒன்று. நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்திற்கோ விட்டவர்களும், வெளியூரில் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தம் நிலத்தில் இச்செடி சட்டவிரோதமாகப் பயிராவது தெரிந்தால், உடனே காவல் துறைக்கோ வருவாய்த் துறைக்கோ தகவல் தருவது நிலத்தை வைத்திருப்பவரின் கடமை என்று சட்டத்தின் 46-ஆம் பிரிவு கூறுகிறது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அவரும் தண்டனைக்கு உரியவர். ஆகவே மக்காச்சோளம், கரும்பு, வாழை போன்ற மறைவான பயிர் உள்ள நிலங்களைக் குத்தகைக்கு விட்டாலும், அவ்வப்போது நடந்து சென்று பார்த்து வர வேண்டும். குத்தகையை எழுத்தில் பதிந்து கொள்ள வேண்டும்.

அனுமதி எங்கே உண்டு?

நார், விதை, தோட்டக்கலை ஆகிய நோக்கங்களுக்கு மட்டும் அரசு அனுமதி தரலாம் என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு இடம் வைத்துள்ளது. இதன்படி உத்தராகண்ட் மாநிலம் 2018-இல் உரிம முறையில் சாகுபடிக்கு வழி திறந்தது. அங்கும் டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இமாசலப் பிரதேச அமைச்சரவை 2025 சனவரியில் இரண்டு பல்கலைக்கழகங்கள் மூலம் முன்னோட்ட ஆய்வு நடத்த ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் உழவர்களுக்கு அவ்வாறு உரிமம் வழங்கும் ஏற்பாடு இல்லை. "அரசு அனுமதித்தது" என்று தாளில் இருந்தால், எந்த அரசு, எந்த மாநிலம், யார் பெயருக்கு என்று கேட்க வேண்டும். மலையில் ஒருவருக்குக் கிடைத்த உரிமம் உங்கள் வயலுக்குச் செல்லாது.

நம் மண்ணில் வருமா?

சட்டத்தை ஒரு பக்கம் வைத்து விட்டு, பயிர் முறையில் பார்த்தாலும் சில தடைகள் உண்டு. இச்செடி குறும்பகல் பயிர். பகல் நீண்டிருக்கும் வரை உயரமாக வளர்ந்து, பகல் குறையத் தொடங்கியதும் பூக்கும். ஐரோப்பிய நார் இரகங்கள் கோடையில் 15, 16 மணி நேரப் பகலில் வளர்ந்து பழகியவை. நம் தமிழ்நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. அந்த இரகங்களை இங்கே விதைத்தால் உயரம் போகாமலே பூத்து விடும். உயரம் இல்லையேல் நார் இல்லை.

டி.எச்.சி. அளவும் நிலையாக இருப்பதில்லை. விதையின் தூய்மை, அறுவடை செய்யும் பருவம், பயிர் வளரும் சூழல் ஆகியவற்றைப் பொறுத்து ஏறும். அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் 0.3 சதவீதம் வரை உள்ளதைப் பயிரிட இடம் தந்தது. 2019-இல் உழவர்கள் பலர் சி.பி.டி. எண்ணெய்க்காகப் போட்டி போட்டு விதைத்தனர். வரம்பைத் தாண்டிய வயல்கள் அழிக்கப்பட்டன. வரம்புக்குள் விளைந்தவற்றுக்கோ வாங்குவோர் இன்றி விலை சரிந்தது. சட்டம் இடம் கொடுத்த நாட்டிலேயே நிலை இது. நாரைப் பிரிக்கும் ஆலையும் உறுதியான கொள்முதலும் அருகில் இல்லாத பயிரைச் சிறு உழவர் நம்பக் கூடாது என்பதே இதன் பாடம். இது ஹெம்புக்கு மட்டும் பொருந்துவதன்று. எந்தப் புதுப் பயிருக்கும் பொருந்தும்.

முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. பயிரின் தாவரப் பெயர் என்ன? எழுத்தில் தர வேண்டும். அதில் 'கன்னாபிஸ்' என்ற சொல் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கொள்ளுங்கள்.

2. இந்த மாவட்டத்தில், உங்கள் பெயருக்கும் உங்கள் நில அளவை எண்ணுக்கும் உரிமம் உண்டா?

3. விதை உறையில் சான்றட்டை உண்டா? விற்பவரிடம் விதை விற்பனை உரிமம் உண்டா?

4. விளைச்சலை யார், எந்த ஊரில், என்ன விலைக்கு வாங்குவார்? வாங்காவிட்டால் இழப்பை யார் தருவார்?

5. இப்பயிரைப் பற்றி உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம் என்ன சொல்கிறது?

இவற்றுள் ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டாம். "நாளைக்குள் கட்டாவிட்டால் வாய்ப்புப் போய்விடும்" என்று அவசரப்படுத்துவதே ஐயப்படத் தக்க அடையாளம்.

நமக்கு ஏற்றது சணப்பு

ஹெம்ப் என்ற பெயரில் ஏதேனும் விதைக்க வேண்டுமென்றால், சட்டத்திற்கும் மண்ணுக்கும் ஏற்றது நம் சணப்பே. நீர் வசதி இருந்தால் எப்பருவத்திலும் விதைக்கலாம். பசுந்தாள் உரத்திற்கு எக்டேருக்கு 25 முதல் 35 கிலோ விதை, அதாவது ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ போதும். விதையுடன் ரைசோபியம் கலந்து விதைத்தால் வேர் முடிச்சுகள் நன்கு அமையும். தக்கைப்பூண்டைப் போல் இது தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. ஆகவே வடிகால் உள்ள நிலத்தில் விதைக்க வேண்டும்.

விதைத்த 45 முதல் 60 நாட்களுக்குள், பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். மேலும் விட்டால் தண்டு முற்றி நாராகி, மண்ணில் மட்க நாளாகும். எக்டேருக்கு 13 முதல் 15 டன் வரை பசுந்தழை கிடைக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகள் மண்ணில் சேர்ப்பதால், அடுத்த பயிருக்கு யூரியாச் செலவு குறையும். ஒரு மூலையில் சில செடிகளை முற்ற விட்டால் அடுத்த ஆண்டுக்கு விதையும், வீட்டுக்குக் கயிறு திரிக்க நாரும் கிடைக்கும். விதையை மட்டும் ஆடு மாடுகளுக்குத் தீவனமாகக் கொடுக்க வேண்டாம். அதில் நச்சுத் தன்மை உண்டு.

தாளைக் கொண்டு வந்த அந்த உழவர் முன்பணத்தைக் கட்டவில்லை. கட்ட வைத்திருந்த பணத்தில் ஒரு சிறு பகுதிக்குச் சணப்பு விதை வாங்கி, சித்திரையில் ஓர் ஏக்கரில் விதைத்து, பூத்ததும் மடக்கி உழுதார். ஆனியில் அவரைச் சந்தித்தபோது, "மண்ணு பொலபொலன்னு இருக்குதுங்க ஐயா" என்றார்.

எனவே உழவர் பெருமக்கள் புதிய பயிர் எதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், முதலில் அதன் தாவரப் பெயரைக் கேட்டறிய வேண்டும். பின் அப்பெயரை உதவி வேளாண்மை அலுவலரிடமோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டித் தெளிவு பெற வேண்டும். அதன் பிறகே விதைக்குப் பணம் கொடுக்க வேண்டும்.